தள்ளுபடித் தாயின் முகம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் வேளைக்குச் சாப்பாடும் கொஞ்சம் தூக்கமும் கிடைக்கிறது என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எழுதியதில்லை. பிழை இருந்தால் சிரிக்காதே.

நான் வேலை பார்க்கும் துணிக்கடைக் கண்ணாடிக்குள் நீ செய்து நிறுத்திய பொம்மையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கை நிறையப் பைகள், தலைக்குப் பின்னால் விலைச்சீட்டுகளால் ஒளிவட்டம், காலடியில் 'வாங்கியவர்க்கே வாழ்வு' என்ற பலகை. தள்ளுபடித் தாய் என்று நீ பேர் வைத்தபோது, முதலாளி அதை நல்ல விளம்பரம் என்று நினைத்தார். தெருவுக்குக் கிண்டல் புரிந்துவிட்டது. சாமியையே சரக்காக்கிட்டான் என்று கல்லெறிந்தார்கள். கண்ணாடி நொறுங்கியது, பொம்மையின் முகம் உடைந்தது, நீ பின்வாசல் வழியாகப் போனாய். அதுவரைதான் உனக்குத் தெரியும்.

முதல் கல்லை எறிந்த பெண் அடுத்த வாரம் தனியாக வந்தாள். அவள் குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லையாம். புது மிக்சியைப் பெட்டியோடு பொம்மை முன் வைத்துவிட்டுப் போனாள். காய்ச்சல் விட்டது. அப்புறம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். இஸ்திரிப்பெட்டி, செருப்பு, குழந்தை சைக்கிள், எல்லாம் பிரிக்காத பெட்டிகள். வாசலில் குவிந்து கிடக்கின்றன, யாரும் தொடுவதில்லை. காயப்போட்ட துண்டுகூடக் காணாமல் போகும் தெரு இது. இத்தனை பேர் சத்தமே இல்லாமல் நிற்பதை நான் பார்த்ததில்லை.

அந்த முகத்துக்கு அச்சு எடுக்க, என் மூக்கில் உறிஞ்சுகுழலைச் செருகி, பிளாஸ்டரைக் குழைத்து அப்பினாயே. என் மோவாய்த் தழும்புகூட அப்படியே விழுந்திருந்தது. பில் போடும் அக்காதான் உடைந்த துண்டை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என்னோடு வம்பளப்பதில்லை. பாவாடை வாங்க வந்த ஒரு அம்மாள் என் மோவாயைப் பார்த்து, எங்களை மன்னிச்சிடு தாயே என்றாள். நான் துணி மடிக்கிற பொண்ணும்மா என்றேன். அப்படித்தான் சொல்லுவீங்க என்று குனிந்துகொண்டாள்.

புதுக் கண்ணாடி போட்டதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேற முகம் வர்ற வரைக்கும் நீயே உள்ள நில்லு, பேசாம இருக்கிறதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே என்றார். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வராது, உனக்குத்தான் தெரியுமே. பைகளை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வேறு முகம் செய்ய யாரிடமும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

வெளியே பேசுவது உள்ளே கேட்காது. வாய்கள் மட்டும் அசையும். நேற்று அம்மா வந்தாள். கையில் ஒரு புதுக் குக்கர், பிரிக்காத பெட்டி. மற்றவர்களைப் போலவே என்னைப் பார்த்தாள். என் பையன் திரும்பி வரணும் என்று அவள் உதடு அசைந்தது. கண்ணாடியைத் தட்டி, அம்மா நான்தான் என்று சொல்லியிருக்கலாம். கை அசையவில்லை. வீட்டுக்கு வந்தும் என்னைத் திட்டவில்லை. சோறு போட்ட முதல் தட்டை என் முன் வைத்துவிட்டு, நான் கை வைக்கும்வரை தள்ளி நின்றாள்.

அண்ணா, நீ வராவிட்டால் அம்மா தினமும் அங்கே வந்து நிற்பாள். நீ சும்மா வந்துவிட்டால், கேட்டதைத் தாய் கொடுத்துவிட்டாள் என்பார்கள். அப்புறம் என்னைக் கண்ணாடியை விட்டு வெளியே விடமாட்டார்கள்.

அதனால் வா. பயமாக இருந்தாலும் பகலில், முன்வாசல் வழியாக வா. அச்சு உன்னிடம் இருந்தால் கொண்டுவந்து எல்லோர் முன்னும் உடைத்துவிடு. ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டால், தங்கச்சி கடுதாசி போட்டா, அதான் வந்தேன் என்று சத்தமாகச் சொல். என்னைப் பழையபடி பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடு. அவர்கள் காதில் விழட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உன் தங்கை
ஊமைக்கோட்டான்