நீங்கள் அடைத்த தூம்பு

என் வாடகை அறைச் சுவரில் இன்று மழைநீர் இறங்கி, ஈரச் சுண்ணாம்பு வாசம் கிளம்பியது. பள்ளிபாளையத்தில் கட்டடச் சாரம் சரிந்து நீங்கள் இறந்து நாற்பது நாளாகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

சங்ககிரிக்குத் தெற்கே இருந்த அந்தப் பண்ணை வீட்டைப் பள்ளிக்கூடமாக மாற்ற நீங்கள் கொத்தனாராக வந்தீர்கள். நான் வாத்தியாராக வந்தேன். இரண்டடிக் கனத்தில் செங்கல் சுவர், நடுவில் வானம் பார்த்த முற்றம், வளைவு வைத்த வாசல்கள். திறப்பு விழாவில் படிக்க வீட்டின் வரலாற்றை எழுதச் சொன்னார் பண்ணைக்காரர். பின்சுவரில் பதித்திருந்த கல் தூம்பைத் தடவிக் காட்டினார். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றினால் வெளியே விழும். தாகத்தோடு வந்த எவரையும் தன் பாட்டனார் திருப்பி அனுப்பியதில்லை என்றார். ஊரெல்லாம் நியாயம் பேசித் திரிந்த நான் அதைத் தண்ணீர்த் தருமம் என்று எழுதினேன். சேலம் டவுனில் குழாயில் குடித்து வளர்ந்தவனின் புத்தி அவ்வளவுதான்.

மத்தியானம் சோறு உண்ணும்போது உங்களுக்குப் படித்துக் காட்டினேன்.

“இதுல நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களா, வாத்தியாரே?” என்றீர்கள்.

அந்தச் சுவரை எழுப்பியவரே உங்கள் பாட்டன்தானாம். வேலை முடிந்த மறுநாள் முதல் அவரும் வெளியே குனிந்து, அந்தத் தூம்புக்குக் கீழே கையேந்தினாராம். உங்கள் மகள் அடுத்த வாரம் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர இருந்தாள். உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் தண்ணீர் இனியும் அந்தத் தூம்பில்தான் என்று பண்ணைக்காரர் சொல்லிவைத்திருந்தார்.

நான் கலெக்டருக்கு மனு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் நாலு செங்கல்லை நனைத்தீர்கள்.

சாயங்காலம் வந்த பண்ணைக்காரர் பூசிய சுவரைப் பார்த்தார். “ஆரைக் கேட்டுடா அடைச்சே?”

“பாம்பு நொழையுதுங்க சாமி. உங்க பேத்தியும் இங்கதானுங்களே உக்காரப் போகுது.”

பேத்திக்காக அவர் அடைப்பை விட்டுவைத்தார்; ஊர் பார்க்கத் தனிப் பானை வைக்கவும் தயங்கினார். வேறு வழியின்றி முற்றத்தில் எல்லாருக்கும் ஒரே பானை வந்தது. முதல் நாள் உங்கள் மகள் குவளையைத் தூக்கிக் குடித்ததை வாசலில் நின்று பார்த்தீர்கள். “தண்ணி உப்புக் கரிக்குதாமா அவளுக்கு” என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

அதற்குப் பின் அந்தப் பக்கத்தில் எவரும் உங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. பள்ளிபாளையத்துச் சாரத்தில் உங்களை ஏற்றியது அதுதான். அந்தக் கோபம் எனக்கு ஆறாது. ஆனால் அதைவிட நன்றிதான் பெரிதாக இருக்கிறது. இப்போதெல்லாம் யார் தம் வீட்டுப் பெருமையைச் சொன்னாலும், அதை எழுதுமுன் ஒருமுறை அவர் வீட்டுச் சுவரின் வெளிப்பக்கம் போய் நின்று பார்க்கிறேன்.