கரும்பலகையின் இடது பக்கம்

அனுப்புநர்:
பம்பு பழுது பார்ப்பவர்,
பள்ளிச் சுவரை ஒட்டிய பட்டறை.

பெறுநர்:
உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்.

பொருள்: அறிவியல் டீச்சரைப் புத்தக அறையிலிருந்து மீட்டு ஏழாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். என் கணிப்பு தப்பியதே இல்லை. கேட்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

1. முப்பது வருடமாகப் பம்பு பார்க்கிறேன். படிப்பு எட்டாவது, நடுவில் நின்றதில் பள்ளிக்குத்தான் நஷ்டம். சத்தத்தைக் கேட்டே எந்த வாஷர் போயிற்று என்று படுத்தபடியே சொல்லிவிடுவேன். ஒருமுறை போனில் அதட்டியே ஒரு பம்பை ஓட வைத்திருக்கிறேன்.

2. அறிவியல் டீச்சர் விடையை முதலில் சொல்லமாட்டார். கரும்பலகையின் நடுவே கோடு போடுவார். இடது பக்கம் ‘என்ன நடக்கும் என்று நினைக்கிறோம்’. வலது பக்கம் ‘என்ன நடந்தது’. நினைத்தவரே வந்து தம் கையால் எழுத வேண்டும். பிறகுதான் சோதனை. தப்பை அழிக்க விடமாட்டார். எதிரே சரியானதை எழுத வைப்பார். இதையெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே கேட்டுவந்தேன். ஒரு நாள் எட்டிப் பார்த்து, “அண்ணே, ஒரு பம்பைத் தூக்கிட்டு வாங்களேன், பிள்ளைங்க உள்ளே பார்க்கணும்” என்றார். சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். நாற்பது பிள்ளைகளும் ‘பம்பு மாமா’ என்றார்கள். ஐம்பது என்றும் சொல்லலாம்.

3. ‘கிணற்றுத் தண்ணீர் மேலே வருவது எப்படி?’ என்பது அன்றைய கேள்வி. கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி வந்து, ‘பம்பு தண்ணீரை இழுக்கிறது’ என்று இடது பக்கம் எழுதினாள். அந்த நேரம் பார்த்து ஆய்வு அதிகாரி நுழைந்தார். வலது பக்கம் காலி. “யார் எழுதினது இது?” என்றார். டீச்சர், “வகுப்புல எழுதினது சார், பாடம் இன்னும் முடியல” என்றார். அதிகாரி பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எழுத்து பெரியவர் எழுத்து, ஆகவே ஆசிரியருக்கே பாடம் தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்ததாகத் தலைமையாசிரியர் சொன்னார்.

4. அந்த ஆய்வு அதிகாரி இன்னும் பத்து நிமிடம் நின்றிருக்கலாம். டீச்சர் ஒரு பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, குழாய் செருகி, வாயை மெழுகால் அடைத்து என்னிடம் தந்தார். மூச்சு முட்ட உறிஞ்சினேன், சொட்டு வரவில்லை. “இன்னும் இழுங்க மாமா” என்று வகுப்பே சிரித்தது. மெழுகில் ஓட்டை போட்டதும் விறுவிறுவென ஏறியது. குழாயில் நாம் இடம்தான் காலி செய்கிறோம். வெளிக்காற்று அமுக்கித் தண்ணீரை ஏற்றுகிறது. இருபத்தைந்து அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் மேலே வைத்த பம்பு திணறும் என்பது முப்பது வருடமாக என் கைக்குத் தெரியும். ஏன் என்பது அன்றுதான் தெரிந்தது.

5. அந்த அறிக்கையால் இப்போது டீச்சர் புத்தக அறையில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிறார். வகுப்பில் ‘காற்றுக்கு அழுத்தம் உண்டு’ என்று மூன்று முறை சேர்ந்து சொல்கிறார்கள். சரியான விடைதான். யாரும் சிரிப்பதில்லை, யாரும் சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பதுமில்லை. தனியாயிருப்பவன் பேச்சுத் துணைக்கு எழுதுகிறான் என்று எண்ண வேண்டாம். பட்டறைக்கு ஆள் வந்தபடிதான் இருக்கிறார்கள். திங்கட்கிழமைகூட ஒருவர் வழி கேட்டு வந்தார்.

ஆகவே, டீச்சருக்கு அவர் வகுப்பைத் திரும்பத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அழைத்தால் பாட்டிலோடு வந்து தங்கள் மேசையிலேயே செய்து காட்டுவேன்.

இடம்: பட்டறை
நாள்: வெள்ளிக்கிழமை, அறிவியல் பாடவேளை

இப்படிக்கு,
பம்பு மாமா
(அப்படிச் சொன்னால்தான் பள்ளியில் தெரியும்)

திருத்தம்: பத்தி 3-இல் வரும் கடைசி பெஞ்சு மாணவி நானாகச் சேர்த்தது. எழுதியவன் நான். அதிகாரி கேட்டபோது, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. தப்பை அழிக்கக் கூடாது என்பது அவர் முறை. அதனால் பத்தி 3-ஐ அடிக்காமல் இதை எழுதுகிறேன். இந்த மனு முழுவதும் என் கைப்பட எழுதியது. அந்தப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும்.