ஆற்று முகத்துக்குப் போன படகு

போர்ட் பிளேர்
9-2-1967

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் முத்துமணியும் நலம். படகு ஒப்பந்தக் கையெழுத்துக்கு ஒரு வாரம் என்று அந்நிய நாட்டுக்குக் கிளம்பியவர் பொங்கலையும் அங்கேயே கழித்துவிட்டீர்கள். போன கப்பலிலும் உங்கள் கடிதம் இல்லை. பட்டறையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் என்னால் பதில் சொல்லி முடியவில்லை.

முதல் படகு போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வந்தது. மற்ற இரண்டும் பாதி வேலையில் நிற்கின்றன. படகு வாங்குகிற அங்குள்ள பட்டாள சர்க்கார் இப்போது அனுப்பியிருக்கும் புது வரைபடத்தைக் குழந்தைவேலு மேஸ்திரி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். படகின் அடித்தளத்தில் இரண்டு வரிசை இரும்பு வளையம் வேண்டுமாம். சரக்கறை மூடிக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளாம். மேஸ்திரி கேட்டார்: "அரிசி ஏத்தத்தானேம்மா படகு? மூட்டை எங்க எந்திரிச்சி ஓடப்போவுது?"

என் தாத்தாவைக் கைதியாக இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த கப்பலில் அப்படித்தான் வளையம் இருந்ததாம். அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். எதற்கென்று விசாரித்து எழுதுங்கள். அதுவரை வளையம் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள்
சந்திரமதி

2-3-1967

அன்புள்ள சந்திராவுக்கு,

முத்துமணிக்கு என் ஆசிகள். நீ வீணாக மனத்தை அலட்டிக்கொள்கிறாய். மாடு ஏற்றினாலும் வளையம் வேண்டும்தானே? கேட்டதைச் செய்து கொடுப்பது நம் தொழில். அதில் எதை ஏற்றுவது என்பது வாங்கினவன் பாடு. நாம் மாட்டோம் என்றால் வேறொரு கம்பெனி நாளைக்கே செய்து கொடுக்கும். நம்மை நம்பிப் பட்டறையில் எத்தனை குடும்பம் இருக்கிறது, அதை யோசி.

இங்கே எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. ஊர்தான் பேச்சில்லாமல் கிடக்கிறது. சந்தையில்கூட ஜனங்கள் உதட்டை அசைத்துத்தான் விலை கேட்கிறார்கள். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரைச் சில நாளாகக் காணவில்லை. அவர் மனைவியிடம் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டார். நமக்கெதற்கு அதெல்லாம்? வளையத்தை அடித்து அனுப்பச் சொல்.

அன்புடன்
ஜம்புலிங்கம்

போர்ட் பிளேர்
28-3-1967

அன்புள்ள அத்தானுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். வளையம் அடிக்கவில்லை.

நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த ஜெயமணி என்கிற அம்மாள் நம் தெருவில் குடிவந்திருக்கிறார். பட்டறை வாசலில் நின்று படகையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "இதே மாதிரி படாக் மரத்துப் படகு ஒண்ணு புதுசா வந்துச்சும்மா. ஆத்து முகத்துப் பக்கம் போவும். போவும்போது ஆளு இருக்கும். வரும்போது இருக்காது" என்றார்.

பாராடாங் காட்டில் நீங்களே நின்று பார்த்து வெட்டிய மரம் அது. வேறொருவன் செய்வான் என்றால் செய்யட்டும். நம் பட்டறையிலிருந்து போக வேண்டாம். உடனே புறப்பட்டு வாருங்கள். பட்டறையில் வேலை இல்லாவிட்டால் சௌல்தாரியில் என் அண்ணன் நிலம் இருக்கிறது, பிழைத்துக்கொள்வோம்.

சந்திரமதி

20-4-1967

திருமதி சந்திரமதிக்கு,

நான் சௌக்கியம். இங்குள்ள அதிகாரிகள் மிக நல்லவர்கள். பாக்கி இரண்டு படகுகளும் வந்து சேர்ந்ததும் நான் ஊர் திரும்ப அனுமதி கிடைக்கும். ஆகவே வரைபடத்தில் உள்ளபடி முடித்து உடனே அனுப்பவும்.

வே. ஜம்புலிங்கம்

3-5-1967

சந்திரா,

இதைக் கப்பல் சமையற்காரர் சிவஞானம் உன் கையில் தருவார். போன கடிதம் பக்கத்தில் ஆள் நின்று எழுதவைத்தது. இனி அப்படி எத்தனை வந்தாலும் நம்பாதே.

துறைமுகத்தில் வேலை இருப்பதாகக் கூப்பிட்டார்கள், போனேன். நல்ல வெயில். நம் படகு நின்றது. வளையம் இல்லாததால் கயிற்றால் பிணைத்து ஆட்களைப் படகுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில், காணவில்லை என்று எழுதினேனே, என் வீட்டுச் சொந்தக்காரர், அவர் இருந்தார். என்னைப் பார்த்து, தெருவில் பார்த்தால் செய்வதுபோலத் தலையசைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு மூடியைப் போட்டார்கள். உள்ளேயிருந்து தட்டினார்கள். கெட்டி மரமாகப் பார்த்துப் பார்த்து எடுத்தவன் நான். சத்தம் யாரோ வெகுதூரத்தில் தட்டுவதுபோல் கேட்டது. சாயங்காலம் படகு வெறுமையாகத் திரும்பி வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள்.

இப்போது யாரும் தட்டாதபோதும் எனக்குக் கேட்கிறது. சாப்பிடும்போது கேட்கிறது.

அனுப்பாதே. எனக்காகவும் அனுப்பாதே.

ஜம்பு

போர்ட் பிளேர்
16-1-1968

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன். இரண்டு படகையும் மேஸ்திரி பிரித்துப் போட்டுவிட்டார். பட்டறையில் இப்போது மீன்பிடிக்கும் சின்ன டோங்கிப் படகுகள்தான் செய்கிறோம். பாதிப் பேர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

ஆவணியில் அந்த சர்க்காரின் ஏஜென்ட் கல்கத்தாவிலிருந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, இந்தி கலந்த தமிழில், "பஹன்ஜி, உங்க ஆத்மி ஜம்புலிங்கம் நல்லா இருக்கார். படகு குடுங்க, அடுத்த கப்பல்ல வந்துடுவார்" என்றார்.

"அவர் கையெழுத்தில் ஒரு வரி காட்டுங்கள்" என்றேன்.

"படகு வரட்டும்."

"படகு இல்லை" என்றேன்.

முத்துமணி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "குடுத்திருந்தா அப்பா வந்திருப்பாரா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். மறுநாள் அண்ணன் வீட்டுக்குச் சௌல்தாரி போனவள் தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை.

இதற்கு முன் எழுதிய எதற்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. சிவஞானத்தின் கப்பலும் இப்போது அந்தப் பக்கம் போவதில்லை. இதைத் தபாலில்தான் போடுகிறேன். வேறு யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். நான் செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், உங்களை அங்கே விட்டது நான்தான் என்று தோன்றுகிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அனுப்பாதே என்று நீங்களே எழுதியதுதான் என்றாலும், என்மேல் உங்களுக்கு வருத்தம் இருக்கும். நேரில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்ளுங்கள். பதில் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உங்கள்
சந்திரா