கேட்டைத் தாண்டும் வரை பேசாதே

நேற்று துவைப்பதற்காகத் தலையணை உறையைக் கழற்றினேன். உள்ளே பஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய துணி வெளியே தெரிந்தது. மஞ்சள் பூ, பச்சை இலை. சாயம் பாதிக்கு மேல் போய்விட்டது. அது எந்தத் தீபாவளித் துணி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலையைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் பேச வேண்டும் போல் இருந்தது. இருந்த காலத்தில் நான் பேச ஆரம்பித்தாலே சுருட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவீர்கள். இப்போது எங்கே போவீர்கள், இருந்து கேளுங்கள்.

அந்தத் தீபாவளிக்குப் பண்டாரவளையிலிருந்து துணி கொண்டுவந்த முஸ்லிம் வியாபாரி நானா எங்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்துக்கு ஒரே மாதிரித் துணியாகத்தான் கொண்டுவந்தார். கடனுக்குத் தருகிறவரிடம் வேறு பூ இருக்கிறதா என்று கேட்க முடியுமா? பெரியவனுக்கு அதில் ஒரு சட்டை, செல்விக்கு ஒரு கவுன். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "ஒரே துணியா இருக்கிறதும் நல்லதுதான் புள்ள. கூட்டத்துல நம்ம புள்ளைகளத் தூரத்துலேயே கண்டுபிடிச்சிரலாம்" என்றீர்கள். வரிசை வரிசையாக இருக்கிற எல்லா லயத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே துணிதான் என்பது உங்கள் மண்டையில் ஏறவில்லை. அன்றைக்கு என் மண்டையிலும் ஏறவில்லை.

பதுளையில் கார்னிவல் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. பிள்ளைகள் கேட்டதைவிட நீங்கள்தான் அதிகம் துடித்தீர்கள். "குடும்பத்தோட ஒரு நாளாவது சந்தோசமா இருந்துட்டு வருவோம். கொழுந்தும் கவ்வாத்து வேலையும் எங்கயும் ஓடிப் போயிறாது" என்றீர்கள். தீபாவளி முற்பணத்தில் மிஞ்சியது ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போக என்ன இருந்துவிடப் போகிறது? அதனால் நீங்களே சட்டம் போட்டீர்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சவாரி. நமக்கு வேடிக்கை மட்டும். சாப்பாட்டுக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொச்சிக்காய்ச் சம்பலும். சாராயப் போத்தலைக் கழுவி அதில் வெறுந்தேத்தண்ணி. அந்தப் போத்தலைப் பார்த்து ரயிலில் எதிரே இருந்தவர் உங்களை ஒரு மாதிரிப் பார்த்ததும், நீங்கள் வேண்டுமென்றே ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணைச் சொருகிக் காட்டியதும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு திட்டம் வைத்திருந்தீர்கள். அதைப் பதுளை ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் சொன்னீர்கள். இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு கார்னிவல் வாசல் கேட்டில் டிக்கட் இல்லையாம். செல்விக்கு அப்போது ஐந்து வயது. தூக்கினால் கால் உங்கள் முழங்காலைத் தொடும். "கேட்டைத் தாண்டுற வரைக்கும் பேசாத பாப்பா. நீ கைப்புள்ள. யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா அப்பாவப் புடிச்சுக்குவாங்க" என்று அவள் காதில் ஓதினீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். செல்வி அவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். கேட்டில் நின்ற சிங்கள ஆள் அவள் காலைப் பார்த்தார், உங்கள் முகத்தைப் பார்த்தார், விட்டுவிட்டார். உள்ளே போனதும் அவளை இறக்கிவிட்டீர்கள். "இனிப் பேசலாம்" என்று சொல்ல மறந்துவிட்டீர்கள்.

உள்ளே ஒரே சனம். டீசல் புகை, வறுத்த கச்சான் கடலை வாசம், எங்கே திரும்பினாலும் பாட்டு. பெரியவன் குதிரை ராட்டினத்தில் ஏறினான். அவன் ஒவ்வொரு சுற்று வரும்போதும் நீங்கள் கை தட்டினீர்கள். செல்வி தன் சவாரிக்குப் பெரிய ராட்டினத்தைத்தான் விரலால் காட்டினாள். அதற்கு டிக்கட் கூட. பார்க்கலாம் பார்க்கலாம் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வளையல் கடைப் பக்கம் நடந்தேன். அவள் வாயே திறக்கவில்லை என்பதை அப்போதாவது நான் கவனித்திருக்கலாம். நானோ, இன்றைக்காவது வாய் ஓய்ந்து வருகிறாளே என்று நினைத்தேன்.

வளையல் கடையில் குனிந்து, "இது புடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "ஆமா அத்த" என்று பதில் வந்தது.

நான் பிடித்திருந்தது செல்வியின் கை இல்லை. அதே மஞ்சள் பூ, அதே கவுன், அதே எண்ணெய் வழியும் தலை. கீழ்க்கணக்குப் பிரிவுத் தோட்டத்துப் பிள்ளை ஒன்று சாவகாசமாக என்னோடு நடந்து வந்திருக்கிறது. எந்த இடத்தில் கை மாறியது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. உங்களைக் கூப்பிட வாயெடுத்தேன், "என்னங்க" என்றுதான் வந்தது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்களுக்கு எத்தனை "என்னங்க" இருப்பார்கள்! நல்லவேளை, நீங்களே திரும்பிப் பார்த்துவிட்டீர்கள்.

உங்கள் முகம் செத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். "நீ மைக் வச்சிருக்கிற எடத்துக்குப் போ. நான் ரோட்டுப் பக்கம் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினீர்கள். பெரியவனை ஒரு கையிலும் அந்தப் பிள்ளையை மறு கையிலும் இழுத்துக்கொண்டு நான் ஒலிபெருக்கிக் கொட்டகைக்குப் போனேன். பிள்ளைக் காம்பராவில் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொள்கிறவள் நான். என்னிடம் பிள்ளையை விட்டுவிட்டு அத்தனை தாய்மாரும் நிம்மதியாகக் கொழுந்து பறிக்கப் போவார்கள். அப்படிப்பட்டவள் சொந்தப் பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

மைக்கில் இருந்தவர் பதுளைப் பக்கத்து முஸ்லிம் பையன், நல்ல மாதிரி. "அழாதீங்க அக்கா. புள்ளட உடுப்பு என்ன நிறம்?" என்று கேட்டார். மஞ்சள் பூப்போட்ட கவுன் என்றேன். தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார். அவ்வளவுதான். நாலா பக்கமிருந்தும் மஞ்சள் பூக்கள் வர ஆரம்பித்தன. அழுகிற பிள்ளை, ஐஸ்பழம் தின்கிற பிள்ளை, தாயோடு நின்ற பிள்ளையையும் ஒருவர் பறித்துக்கொண்டு வந்துவிட்டார். என்னோடு வந்ததை அதன் தாய் வந்து முதுகில் ஒன்று வைத்துக் கூட்டிப் போனாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எதுவும் என் பிள்ளை இல்லை. வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

அப்போது கச்சான் விற்கிற ஒருவர் வந்து சொன்னார். "இந்த உடுப்புல ஒரு ஊமப் புள்ளய நான் கண்டேன். யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டேன், வாயப் பொத்திக்கிட்டு ஓடிருச்சு. மோட்டர் சைக்கிள் ஓடுற கெணத்துப் பக்கமா போச்சு."

எனக்கு விளங்கிவிட்டது. அவள் உங்கள் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பேசினால் அப்பாவைப் பிடித்துக்கொள்வார்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் அவளுக்கு டிக்கட்காரர்கள். தேடத் தேட அவள் ஒளிவாள். அங்கே பலகையால் கட்டிய மரணக் கிணற்றுக்குள் மோட்டர் சைக்கிள் சுற்றும், வெளியே இஞ்சினும் பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மைக்கை வாங்கி நானே கூப்பிட்டேன். "செல்வி, அம்மாகிட்ட வா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வரவில்லை. பேசாதே என்று சொன்னவர் நீங்கள், அந்தப் பூட்டுக்குச் சாவி உங்கள் வாயில்தான் இருந்தது. நீங்களோ ரோட்டில் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவள் அப்பா கூப்பிட்டால்தான் வருவாள் என்றேன். "அப்ப அவரக் கூப்பிடுவம். பேரச் சொல்லுங்க" என்றார் அந்தப் பையன்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள். அந்தப் பெயர் வேறு ஒருவருக்கு இருந்தால்கூட நான் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். பெரியவனைப் பார்த்தேன், அவன் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான், சொல்லு சொல்லு என்று உலுக்கியும் அவனுக்கு வாய் வரவில்லை. "பூனாகலைத் தோட்டத்துச் செல்வியின் அப்பா" என்று அந்தப் பையன் கூப்பிட்டுப் பார்த்தார். ரோட்டிலிருந்த உங்களுக்கு அது காதில் விழவில்லை, விழுந்தாலும் உங்களைத்தான் என்று தோன்றவில்லையோ என்னவோ. கிணற்றுப் பக்கம் மோட்டர் சைக்கிள் மறுபடியும் உறுமத் தொடங்கியது.

ஒரு பக்கம் உங்கள் ஆயுசு. ஒரு பக்கம் அவள். யோசித்தேன் என்று சொன்னால் பொய். மைக்கைப் பிடுங்கி உங்கள் பெயரைச் சொன்னேன்.

முழுப் பெயரையும், தகப்பன் பேரோடு சேர்த்து, காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற மாதிரி. மறுபடியும் சொன்னேன். அது ஒலிபெருக்கிக் குழாய்களில் போய் எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அதைக் கேட்டுக் கொட்டகைக்கு முன்னால் ஓடி வந்த நம் தோட்டத்துப் பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை, நீங்கள் கண்ணில் படும் வரை கூப்பிட்டேன்.

மூச்சு வாங்க ஓடி வந்தீர்கள். "யாரு, நீயா கூப்பிட்ட?" என்றீர்கள். அதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. விஷயத்தைச் சொல்லி மைக்கை உங்கள் கையில் திணித்தேன். அந்தப் பையன் ஆளனுப்பி மோட்டர் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். மைதானம் அமைதியானது. நீங்கள் பேசினீர்கள். "பாப்பா, அப்பா பேசுறேன். கேட்டத் தாண்டியாச்சு. இனிப் பேசலாம். அப்பாவ யாரும் புடிக்க மாட்டாங்க."

பதுளையே கேட்டது, கேட்டில் நின்ற ஆள் உட்பட.

கிணற்றின் பலகைப் படிகளுக்கு அடியிலிருந்து அவள் ஊர்ந்து வந்தாளாம். கச்சான்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். கவுனெல்லாம் கிரீஸ். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான் பேசவே இல்லப்பா." நீங்கள் அவ்வளவு சனத்துக்கு நடுவில் கேவிக் கேவி அழுதீர்கள். நானும் அழுதேன். கேட்காரர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு டிக்கட்டைக் கிழித்து நீட்டினார். நீங்கள் காசைக் கொடுத்தீர்கள். பெரிய ராட்டினத்துக்கென்று வைத்திருந்த காசு அது.

திரும்பி வரும் ரயிலில் நம் தோட்டத்துப் பெண்கள் எதிரே உட்கார்ந்து கிசுகிசுத்தார்கள். பிள்ளைகள் மடியில் தூங்கிவிட்டன. எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே பயம். தெமோதரையில் ரயில் சுரங்கத்துக்குள் போய் இருட்டானதும் என் காதருகே வந்து, "இன்னொரு தடவ சொல்லு புள்ள" என்றீர்கள். உங்கள் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். வெளிச்சம் வந்தபோது நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்லவில்லை. அதன் பிறகு எத்தனையோ முறை சீண்டியும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து நெஞ்சு வலி என்று நீங்கள் படுத்தபோது, லயத்தில் ஒருத்தி என் காது படவே சொன்னாள். "அன்னைக்கு மைக்குல சொன்னாள்ல, அதான்." அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. "நான் அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாதுங்க" என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். பேச மூச்சு இல்லை, இருந்தும் கோபம் வந்தது உங்களுக்கு. "கூறு கெட்டவளே. செல்வி கெடைச்சாள்ல. அதுக்கு என் ஆயுசுல கொஞ்சம் போனா போகட்டும்" என்றீர்கள். அப்போதாவது ஒரு தடவை சொல்லியிருக்கலாம். இருக்கிற கொஞ்சத்தையும் குறைத்துவிடுவேனோ என்று பயந்து, உங்கள் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செல்விக்கு இப்போது ஒரு மகன். உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறாள். என்னை விடப் பெரிய வாயாடி, கேட் என்ன கேட், எங்கேயும் வாயை மூடமாட்டான். கிழவிகள் என்னிடம் வந்து, "நீ அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாத, தம்பின்னு கூப்பிடு" என்று புத்தி சொன்னார்கள். எதற்கு? இனிக் குறைவதற்கு உங்களிடம் என்ன ஆயுசு இருக்கிறது? பொழுது சாய்கிற நேரம் லயத்து வாசலில் நின்று, எதிர் மலைக்குக் கேட்கும்படி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவன் ஓடி வருகிறான்.