தவளைப் படத்தில் கேட்ட குரல்

திருவிடைமருதூர்
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பிரகதீஸ்வரிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் சித்தீக் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அப்பா பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

சம்பா அறுப்பு முடிந்தது. மழையில் சாய்ந்த பயிருக்குள் மெஷின் இறங்கவில்லை, ஆள் வைத்து அறுத்தோம். அது கிடக்கட்டும்.

அப்பா டிராயிங் மாஸ்டராக இருந்தபோது, நம் கூடத்தில் உட்கார்ந்து சர்க்காருக்காக ஒரு கார்ட்டூன் படத்துக்கு வரைந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லும் தவளைப் படம். "ஏன் தவளையாரே?" என்று கேட்கும் சிறுமிக்கு உன்னைத்தான் பேச வைத்தார். உனக்கு அப்போது ஆறு வயது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் போட்டுக் காட்டாமல் அதை மூட்டை கட்டிவிட்டார்கள். இப்போது சென்னையில் யாரோ ஒரு பழைய கிடங்கில் அந்த ரீலைக் கண்டெடுத்துத் தஞ்சாவூரில் விழா எடுத்தார்கள்.

அப்பாவை யாரும் அழைக்கவில்லை. பேப்பரில் பார்த்துவிட்டு, வேட்டியை இஸ்திரி போட்டுக்கொண்டு தானாகவே கிளம்பினார். வெட்கம் கெட்ட மனுஷன் என்று திட்டிக்கொண்டே நானும் போனேன்.

தவளை நொண்டி நொண்டி நடந்ததற்கு ஏசி ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அதையே பெரிய கலை என்றார்கள். சாயம் தீர்ந்துபோய் அப்பா வானத்தைப் பாதியில் விட்டிருந்தார். அதற்கு ஒரு தாடிக்காரர் தத்துவம் சொன்னார். தவளைப் படம் போட்ட பனியன் வேறு விற்றார்கள். சால்வை யாருக்கு? சூர்யபிரகாஷுக்கு. அன்றைக்கு அந்தப் படத்துக்குத் திட்ட அதிகாரி என்று நம் வீட்டில் வேளை தவறாமல் சாப்பிட்டவர், ஒரு கோடு போட்டதில்லை. எல்லாவற்றையும் தன் கையால் வரைந்ததாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. எனக்கு இவர் மேல்தான் அதிக எரிச்சல். உன் கல்யாணத்துக்கு மட்டும் ஊரே கேட்கக் கத்தத் தெரிந்தவர்.

அப்புறம் யாரோ, அந்தக் குழந்தைக் குரல் யாருடையது என்று கேட்டார்கள். "மெட்ராஸ்லேர்ந்து ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்டைக் கூட்டிட்டு வந்தோம்" என்றார் சூர்யபிரகாஷ்.

அப்பா எழுந்துவிட்டார். "படம் நீங்க வரைஞ்சதாவே இருக்கட்டுங்க. அந்தக் குரல் எம் பொண்ணோடது. பேரு பிரகதீஸ்வரி."

நீ போன நாளிலிருந்து அந்தப் பேரை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

"இன்னொரு தடவை போடுங்க" என்றும் கேட்டார். விருந்தினருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். மைக் பிடித்திருந்த பெண் "ஐயாவுக்கு ஒரு கைத்தட்டல் குடுங்க" என்றாள். தட்டினார்கள், தட்டிவிட்டுப் போண்டா தின்னப் போனார்கள். அப்பா மட்டும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பஸ் பிடித்துத் திரும்பினோம். ஊரில் இறங்கியதும், "அங்க இப்ப மணி என்ன இருக்கும்?" என்று கேட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

உன்னைத் தானாகக் கூப்பிட அவருக்குத் தைரியம் கிடையாது. அதற்கும் சேர்த்துத்தான் தினமும் திட்டுகிறேன். அவரை மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ பட்டது உனக்குத்தான் தெரியும்.

மகாலிங்கசுவாமி உங்கள் இருவரையும் நன்றாக வைக்கட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கோயிலுக்குப் போய்விடுவேன். அப்போது வீட்டுக்குப் போன் செய்தால் அவர்தான் எடுப்பார்.

உன் அம்மா,
அமிர்தம் பஞ்சநதம்