துவைக்காத சட்டை

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் விட்டுப்போன நீலச் சட்டையை அத்தை இன்று துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

வண்ணார்பேட்டை டாக்டரம்மா போன வாரம் சொன்னார்கள்: "பிள்ளையில பாதி ஒம் மாப்பிள்ள. அந்தப் பாதி ஒன் ஒடம்புக்கு அந்நியம். கிருமிய வெரட்டுத மாதிரி அதையும் வெரட்டாம, ஒடம்பு பைய பழகிக்கிடணும்." முந்தைய இரண்டும் தங்காமல் போனது அதனாலோ என்னவோ.

நீங்கள் வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருகிறீர்கள். உடம்பு எப்படிப் பழகும்? அதனால்தான் தினமும் அந்தச் சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு, "இவர்தான், பார்த்துக்கொள்" என்று என் உடம்புக்குச் சொல்லிவந்தேன். அத்தையிடம் இதை எப்படிச் சொல்ல?

ஐந்தாம் மாதம் நடக்கிறது. இவ்வளவு தூரம் முன்பு வந்ததில்லை.

மஸ்கட்டிலிருந்து யாராவது ஊருக்கு வந்தால் ஒரு சட்டை கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள் பாதியை வைத்திருக்கும்
நான்