முன்வாங்குப் பெயர்கள்

கண்டி,
12.07.1998

மதிப்புக்குரிய விவேகானந்தன் சேர் அவர்களுக்கு,

அச்சகத்திலிருந்து ஞானேஸ்வரி எழுதுவது. சுகமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறோம். அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. டொரோண்டோவில் நல்ல கறிவேப்பிலை கிடைக்காமல் உங்கள் வீட்டு அக்கா படும் பாட்டை அரைப் பக்கம் எழுதியிருந்தீர்கள். அக்காவை அன்போடு விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கணிதக் கையேட்டின் தாயங்களை, அந்த மேட்ரிக்ஸ் கட்டங்களை, அச்சுக்கோக்க நான் எழுதி வைத்த கட்டளைகளை டிஸ்க்கில் போட்டு அனுப்பச் சொல்கிறீர்கள். அங்கே புத்தகம் போடப் போகிறீர்களாம். "பெயர்களை மட்டும் மாற்றி அனுப்பும்" என்று அடிக்கோடு வேறு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் வந்த ஆத்திரத்தில் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். உங்கள் கையெழுத்து இருக்கிறதே, வழக்குக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நிரை, மூன்று நிரல் உள்ள ஒரு தாயத்தை அடிக்க அச்சுக்கோக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஐந்து வரி எழுத வேண்டியிருந்தது. உங்கள் டியூஷன் கையேட்டில் அப்படி முந்நூறு. விரல் வலி பொறுக்காமல்தான், ஒரு சொல்லைப் போட்டு அடுத்து இலக்கங்களைக் கொடுத்தால் தாயம் தானே அடைப்போடு விழும்படி கட்டளை எழுதினேன். தாயம் 2, தாயம் 3 என்று பெயர் வைக்கப் பார்த்தேன். பெயரில் இலக்கம் வரக்கூடாது, எழுத்து மட்டும்தான் என்று அது அடம்பிடித்தது. நீங்கள் கதிரையில் சாய்ந்தபடி, "உதுக்கேன் யோசிக்கிறீர் பிள்ளை, வகுப்பில முன்வாங்கில இருக்கிற பிள்ளையளின்ர பேரை வையும், மறக்காது" என்றீர்கள். இரண்டுக்கு இரண்டு ஸக்கியா ஆனாள். மூன்றுக்கு மூன்று அழகமுத்து. தாயத்தின் நேர்மாறைப் பிழையில்லாமல் செய்கிறவன் அவன் ஒருவன்தான் என்று நீங்களே சொல்லி வைத்த பெயர். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

ஜனவரியில் புனிதப்பல் மாளிகைப் பக்கம் குண்டு வெடித்த பிறகு நடந்ததை இரண்டு முறை எழுதிவிட்டேன். மூன்றாம் முறையும் எழுதுகிறேன், வாசியுங்கள். அழகமுத்து புரூஃப் திருத்த வீட்டுக்கு எடுத்துப்போன தாள்களோடு ஹந்தானை ஏற்றத்தில் சோதனைச்சாவடியில் பிடிபட்டான். அச்சான பக்கங்களோடு, ஒத்துப் பார்க்க நான் எடுத்துக் கொடுத்த கட்டளைத் தாளும் இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குள் இலக்கங்கள். அதிகம் வந்த பெயர் அவனுடையது. குண்டு வைத்தவர்களின் ஆட்பட்டியல் என்றார்கள். இது கணக்கு என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஸக்கியாவையும் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க வைத்திருந்து விட்டார்கள்.

நான் பொலிஸுக்குப் போனேன் சேர். கம்ப்யூட்டர் கொண்டு வாருங்கள், அடித்துக் காட்டுகிறேன் என்று சிங்களத்தில் சொல்லிப் பார்க்கத் தெண்டித்தேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இந்தப் பெயர்களை வைக்கச் சொன்னது யார்? சொன்னேன். அவர் எங்கே? அதற்குள் நீங்கள் போயாயிற்று. அவன் பிடிபட்ட பதினோராம் நாள் விமானம் ஏறினீர்கள். பட்டியல் போட்டவர் வெளிநாட்டுக்குத் தப்பி ஓடிவிட்டார் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் பயணம்தான் அவனுக்கு எதிரான சாட்சி.

உங்களிடம் கேட்டது ஒரு பக்கக் கடிதம். இவை கணிதக் கட்டளைகள், பெயர் வைக்கச் சொன்னவன் நான், இவர்கள் என் மாணவர்கள் என்று எழுதி, அங்கே உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு முன் ஒப்பமிட்டு அனுப்பினால் போதும் என்கிறார் சட்டத்தரணி. அகதி விண்ணப்பம் முடியும்வரை எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாமென்று அங்கே சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். பயம் எல்லோருக்கும் இருக்கிறது சேர். எனக்கும்தான். பயத்தோடுதான் பொலிஸ் வாசலில் பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே போனேன்.

பெயர்களை மாற்றிவிட்டேன். எல்லாம் வெறும் எழுத்துகள் இப்போது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைக் கையேடு அடித்த டிசம்பரிலேயே செலவழித்திருந்தால் அவன் இன்று வீட்டில் இருப்பான். கட்டளைத் தாளைக் கையில் கொடுத்தவளும் நான்தான். டிஸ்க் இந்த உறையிலேயே இருக்கிறது. கடிதம் தந்தால்தான் டிஸ்க் என்று பேரம் பேச நினைத்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.

அழகமுத்துவின் அம்மா அன்னலட்சுமி தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கிழமையில் இரண்டு நாள் மலையிலிருந்து இறங்கி வந்து அச்சக வாசலில் உட்கார்ந்திருப்பார். மெலிந்துவிட்டார். உங்களை ஒரு சொல் குறை சொன்னதில்லை. "லயத்துப் புள்ளைய முன்வாங்குல ஒக்கார வச்ச மகராசன், எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்று உங்கள் பெயரில் விளக்கு வைக்கிறார். நீங்கள் மறுத்தது அவருக்குத் தெரியாது. சேரின் கடிதம் தபாலில் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

வழக்கு ஆகஸ்ட் மூன்றாம் திகதி. அதற்குள் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள் சேர்.

இப்படிக்கு,
தங்கள் கையேட்டை அச்சுக்கோத்த
ஞானேஸ்வரி